நெஞ்சில் கனக்காத கம்பளி

இன்று காலை எங்கள் சந்து முனையில் இஸ்திரி போடுகிறவன், யாருடைய ஸ்வெட்டர் மேலோ ஈரத்துணியை விரித்துப் பெட்டியை அழுத்தினான். நனைந்த ஆட்டுக்குட்டியை அடுப்புப் பக்கத்தில் நிறுத்தினால் வருமே, அந்த வாசனை. பால் வாங்கக் கிளம்பிய நான் பாலை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். "கீ ஹொலோ, மாஷிமா?" என்றான். ஒன்றும் ஆகவில்லையப்பா, ஒரு சிநேகிதியின் ஞாபகம் வந்துவிட்டது என்று அவனுக்கு வங்காளியில் சொன்னேன். மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அவன் தன் வேலையைப் பார்த்தான்.

நீ போன செய்தி ஐப்பசியில் வந்தது. பெங்களூரிலிருந்து உன் பெண் போன் செய்தாள். நான் அப்போது அழவில்லை. கோபம்தான் வந்தது. பஸ்ஸில் ஏறினாலும் சரி, ரேஷன் கடையில் நின்றாலும் சரி, "நீ முன்னால போடி" என்று எனக்கு வழி விட்டே பழகியவள், இந்த ஒன்றில் மட்டும் முந்திக்கொண்டாயே என்று. அந்தக் கோபம் இன்றைக்கு அந்த வாசனையில்தான் கரைந்தது. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். பிறகு காபி போட்டுக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

டாக்குரியா வீட்டில் நீங்கள் கீழ்த்தளம், நாங்கள் நடுத்தளம், மேலே வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரரின் மனைவியை ஊர் வழக்கப்படி நாம் இருவரும் பௌதி என்று கூப்பிட்டோம். அவளை அண்ணி முறையாக்கிக் கொண்டதால் வாடகை விஷயத்தில் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. ஆனால் குளிர்காலம் முழுவதும் மொட்டை மாடி வெயிலில் நமக்கும் ஒரு பாய் இடம் கிடைத்தது. நீ மதுரைப் பக்கத்துப் பெண். உன் வீட்டுக்காரருக்குக் கும்பகோணம். ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஜாதி வேறு என்பதால் இரண்டு வீட்டாரும் முகம் திருப்பிக்கொள்ள, இங்கேயே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நீங்கள். மாமனார் காலமானபோது உன் மாமியாருக்குப் போக வேறு இடமில்லை. ஒரே பிள்ளை. ஒரு பித்தளை அடுக்கு, தனி ஸ்டவ், மடிக்கு உட்காரும் கறுப்புக் கம்பளி, இவற்றோடு ஹௌராவில் வந்து இறங்கினார்.

நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். கொடுமைக்கார மாமியார் என்று யாராவது கதை எழுத நினைத்தால் அவரிடம் சரக்குக் கிடையாது. உன் பெண்ணுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். உன்னிடம் ஊர்க்கதை பேசுவார். நீ புதுப்புடவை கட்டினால், "கரை நன்னா இருக்குடீ" என்பார். ஆனால் உன் கையால் ஒன்றும் வாங்கமாட்டார். தண்ணீர் கிடையாது, சாப்பாடு கிடையாது, நீ துவைத்த துணி கிடையாது. நீ கத்தரிக்காயை வாங்கிவந்து தரையில் வைத்துவிட்டு நகர வேண்டும். அவர் அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். தமக்கான சோற்றைத் தாமே வடித்துக்கொள்வார்.

என் கைக் காபியை மட்டும் வாங்கிக் குடிப்பார், நான் அவர் ஜாதி என்பதால். உன் சமையலறையைத் தாண்டி அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். நீ பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவுக குடிச்சாச் சரி. யாரு குடுத்தா என்ன?" என்றாய். உனக்கு அது சரியில்லை என்று உன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்த ஊர்க் குளிரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? காளி பூஜை முடிந்த மறுநாளே பாபுக்கள் எல்லோரும் மங்கி கேப்புக்குள் புகுந்துவிடுவார்கள். மூக்கும் கண்ணாடியும் மட்டும்தான் வெளியே தெரியும். தெற்கிலிருந்து வந்த நாம் முதல் வருஷம் சிரித்தோம். இரண்டாம் வருஷம் நாமும் வாங்கினோம். மாமி மட்டும் சிரிக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. மார்கழியில் விடிவதற்குள் தொட்டித் தண்ணீரில் தலைக்குக் குளித்து, பிழிந்த ஈரப்புடவையோடு வடக்குப் பார்த்த அந்தச் சமையலறையில் நிற்பார். அந்த மடி ஆசாரத்தில் ரவிக்கைகூடக் கிடையாது. தையல்காரன் ஊசி பட்ட துணி மடிக்கு ஆகாது என்பது அவர் வீட்டு வழக்கம். கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஸ்டவ் முன்னால் நிற்கவும் முடியாது, தீப்பிடிக்கும்.

பிறகு இருமல் வந்தது. நடுத்தளத்தில் படுத்திருக்கும் எங்களுக்கே கேட்கும். அந்தத் தை மாதம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரரை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். நெஞ்சு ரொம்பப் பலவீனம், குளித்தவுடன் உடம்புக்குச் சூடு வேண்டும், ஆனால் நெஞ்சின்மேல் கனமான எதுவும் போடக்கூடாது, அடுத்த குளிர்காலத்தையும் இப்படியே கழித்தால் தாங்கமாட்டார் என்று.

உன் வீட்டுக்காரர் அன்றைக்கே ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்தார். "தைச்ச துணிடா. என்ன நூலோ, யார் யார் கைபட்டதோ. நேக்கு வேண்டாம்" என்று மாமி கால்விரலால் தள்ளிவைத்தார். பிள்ளை கத்தினார். அம்மா இருமினார். அவர் சாப்பிடாமல் ஆபீஸுக்குப் போனார். நீ அந்த ஸ்வெட்டரை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாய்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், உன் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அழுக்குக் கவுனோடு ஓடிப்போய் மாமியின் கறுப்புக் கம்பளிமேல் உட்கார்ந்துவிட்டாள். "ஏய், எந்திரி, எந்திரி!" என்று நீ பதறினாய். மாமி கையசைத்து, "இருக்கட்டும் விடுடீ. கம்பளிதானே. அதுக்கு யார் தொட்டாலும் தோஷமில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டே கிடையாது" என்றார்.

சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு நீ மாடிப்படி ஏறி ஓடிவந்ததை மறக்கமுடியுமா?

"ஏண்டி, கம்பளிக்குத் தீட்டு இல்லைன்னு உங்க ஆளுகள்ல நெசமாவே உண்டா?"

"உண்டுடீ. எங்க அம்மாகூடச் சொல்லுவா."

"அப்ப நான் கம்பளியில செஞ்சு குடுத்தா அவுக வாங்கிக்கிடணும்ல?"

அந்த வழக்கத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு கதவு இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நீ வெளியே நின்றவள், அதனால் உன் கண்ணில் பட்டது.

முதலில் ஊசி பிடித்துப் பின்னக் கற்றுக்கொண்டாய். பௌதி வெயிலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். உன் கை முறுக்குச் சுற்றிப் பழகிய கை. நீ பின்னியது பலகைபோல விறைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் தளர்த்தென்றால் ஓட்டை விழுந்தது. "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆயிடுச்சு" என்று நீயே சிரித்தாய். அப்போதுதான் பௌதி, பாலிகஞ்சில் இருக்கும் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் பின்னல் மெஷின் வைத்து ஆர்டர் எடுத்துச் செய்துவந்தவள், இப்போது ஜாம்ஷெட்பூருக்குப் பிள்ளையோடு போய் இருக்கப்போகிறாள், இரண்டு மெஷினில் ஒன்றைக் கொடுத்துவிடுவாள் என்று.

ரயிலில் ஒரே ஸ்டேஷன். தீதி என்று நாமும் கூப்பிட்ட அந்த அக்காவின் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின்களும் எதிரெதிராக இருந்தன. நீளமான இரும்புப் படுக்கை, அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கும் தாழ்ப்பாள் போலத் திறந்து மூடும் சின்ன நாக்கு. மேலே ஒரு பெட்டி. அதைக் கையால் இடமும் வலமும் தள்ளினால் ஒரு வரிசை பின்னி முடிந்துவிடும். அந்தப் பெட்டியை நீ அன்றே வண்டி என்று பெயரிட்டுவிட்டாய். ஒரு மெஷினில் கொக்கிகள் விரல் நுழையும் இடைவெளியில் இருந்தன. இன்னொன்றில் சீப்புப் பல்லைப்போல நெருக்கமாக இருந்தன.

தீதி நம்மை உட்காரவைத்து, மெஷினைக் காட்டாமல் ஒரு கூடை நிறைய நூலைக் கொண்டுவந்து நம் மடியில் கொட்டினாள். "ஆகே உல், தார்பொர் மெஷின்" என்றாள். நூல் முதலில், மெஷின் அப்புறம். நாம் மெஷினைப் பார்க்க வந்தோம் என்று நான் முணுமுணுத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டே மெல்லிய நூலை எடுத்து அந்த அகலக் கொக்கி மெஷினில் ஓட்டிக் காட்டினாள். கொசுவலை வந்தது. தடித்த நூலை நெருக்கக் கொக்கி மெஷினில் போட்டு வண்டியை உன்னையே தள்ளச் சொன்னாள். பாதி வழியில் நின்றுவிட்டது. நீ பலம் கொடுக்கப் பார்த்தாய். அவள் உன் மணிக்கட்டைப் பிடித்து, "ஜோர் கொரோ நா" என்றாள். அழுத்தாதே, அழுத்தினால் கொக்கியின் நாக்கு வளைந்துபோகும், அப்புறம் அந்த இடத்தில் காலத்துக்கும் நூல் வளையம் நழுவி, கண்ணி விழும்.

நாம் இரண்டு பேரும் வெயில் நாட்டுக்காரிகள். தடித்தது என்றால் சூடு, மெல்லியது என்றால் குளிர், இவ்வளவுதான் நம் அறிவு. அதனால் தடித்த நூலில் அகலக் கொக்கி மெஷினில் ஒரு துண்டு பின்னித்தரச் சொல்லி வாங்கிவந்தோம். மடமடவென்று வளர்ந்தது அது. வீட்டுக்கு வந்து நீ என்ன செய்தாய்? மறுநாள் காலை அதை உன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மேலே புடவையைச் சுற்றி, மாமி சமைக்கும் நேரம் முழுக்க உன் அடுப்பு முன்னால் நின்றாய். மத்தியானம் மேலே வந்து, "அம்மிக்கல்லத் தூக்கிக் கட்டுன மாதிரி இருக்குடி. குனிய முடியல, மூச்சு வாங்குது. அம்புட்டுக் கனத்துக்கும் சன்னல் காத்து ஓட்டை வழியா உள்ள வந்துருச்சு" என்றாய்.

அடுத்த வாரம் மெல்லிய நூலில், நெருக்கக் கொக்கி மெஷினில் ஒரு துண்டு. அதையும் கட்டிக்கொண்டு நின்றாய். இந்த முறை மேலே வந்ததும் புடவைத் தலைப்பை விலக்கி என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாய். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, கோழி அடைகாக்கும் இடம் போல. கட்டியிருப்பதே உனக்கு மறந்துபோய்விட்டது என்றாய்.

ஆனால் மெஷினைத் தேர்ந்தெடுப்பது அத்தனை சுலபமாக முடியவில்லை. உன் வீட்டுக்காரர் போனஸ் வந்த கையோடு வாங்கித்தரத் தயார்தான். அகலக் கொக்கி மெஷினைத்தான் வாங்க வேண்டும் என்றார். பௌதியும் அதையே சொன்னாள். பூஜை லீவுக்கு டார்ஜிலிங் போகிற குடும்பங்கள் எல்லாம் தடித்த ஸ்வெட்டர்தான் கேட்கும், ஒரே நாளில் ஒன்று முடித்துவிடலாம், தொழிலாக நடத்தலாம் என்றாள். மெல்லிய நூலை இரட்டையாகச் சேர்த்தால் அதிலேயே ஓடுமே என்றாள். நானும் அந்தக் கட்சியில்தான் ஓட்டுப் போட்டேன். நெருக்கக் கொக்கியில் ஒரு முதுகு வளர்வதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும் என்று பயமுறுத்தினேன்.

நீ எல்லோரும் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாய்.

"ஆர்டர் குடுக்குறவுகளுக்கு இந்த ஊருல ஆயிரம் ஆளு கெடைக்கும்," என்றாய். "எங்க அத்தைக்கு நான் ஒருத்திதான்."

சீப்புப் பல் மெஷின் டாக்குரியாவுக்கு வந்தது. இன்னொன்று ஜாம்ஷெட்பூர் போயிற்று.

நூல் வாங்குவது அடுத்த கண்டம். கரியாஹாட்டில் கடைக்காரன் பளபளவென்று ஒரு நூலை எடுத்துப் போட்டு, கம்பளிதான், கம்பளியைவிட மேல் என்றான். மாமியை ஏமாற்றக் கூடாது என்று நீ பிடிவாதமாக இருந்தாய். கடைகடையாக ஏறி இறங்கி, சாயம் போடாத சாம்பல் வெள்ளையில், ஆட்டு வாசனை போகாத இரண்டிழை நூலாகப் பார்த்து வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அதை மாமி முன்னால் தரையில் வைத்து, "இது கம்பளிதானா, பார்த்துச் சொல்லுங்க அத்தை" என்றாய். எதற்கு என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மாதக்கணக்கில் இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லையே.

மாமி ஒரு நூலைக் கிள்ளி ஸ்டவ் தீயில் காட்டினார். உருகி உருண்டையாக நின்றால் அது மில் சரக்கு. முடி கருகுவதுபோல நாற்றமடித்துப் பொடியாக உதிர்ந்தால் ஆட்டு ரோமம். அவர் கருகிய நுனியை விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார். சாம்பலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கம்பளிதான்" என்றார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ அதையே பெரிய சம்மதமாக எடுத்துக்கொண்டு நூலைக் கண்டிலிருந்து பந்தாகச் சுற்ற ஆரம்பித்தாய்.

தையலே கூடாது என்பதால் அதை ஒரே துண்டாகப் பின்ன வேண்டும். முதுகில் ஆரம்பித்துத் தோள்வரை ஏறி, நடுவில் தலை நுழைய இடம் விட்டு, அப்படியே முன்பக்கம் இறங்க வேண்டும். கழுத்து வரும்போது பாதிக் கொக்கிகளை ஓய்வில் நிறுத்தி, வலது பக்கம் தனியாக, இடது பக்கம் தனியாக ஓட்டி, மறுபடியும் சேர்க்கும் வித்தையைத் தீதி ஊருக்குப் போகுமுன் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பக்கவாட்டில் கட்டிக்கொள்ள அதே நூலை முறுக்கிக் கயிறு. கத்தரியும் வேண்டாம், தையல் ஊசியும் வேண்டாம்.

மத்தியானங்களில் நீ வண்டியைத் தள்ளும் சத்தம் மேலே கேட்கும். சர்ர், கொஞ்சம் நிறுத்தம், சர்ர். முதல் நாட்களில், "என்னடீ இது, காது போறது" என்று மாமி அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் உனக்குத் தலைவலி என்று படுத்திருந்தபோது, நான் கொண்டுபோன காபியை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்ன சத்தமே காணும்?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரிக்காமல் வெளியே வரப் படாதபாடு பட்டேன்.

முதுகு முடிந்து தோளை எட்டும் சமயத்தில்தான் அந்த விபத்து. மின்வெட்டு நேரம். ஜன்னல் வெளிச்சத்தில் நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வண்டியின் வாயிலிருந்து நூல் நழுவியதை இருவரும் பார்க்கவில்லை. நீ தள்ளினாய். வெறும் வண்டி ஓடியது. அது கடந்துபோன கொக்கி ஒவ்வொன்றும் தன் கண்ணியை உதிர்த்தது. துணி இழுபட்டு நிற்கக் கீழே தொங்கவிட்டிருந்த கனத்தோடு அத்தனை நாள் உழைப்பும் பொத்தென்று தரையில் விழுந்தது.

நீ அழவில்லை. வண்டியின் பிடியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்தத் தடி மெஷினை வாங்கியிருந்தா இந்நேரம் கண்ணியாவது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்!" என்று எரிந்து விழுந்தேன். கடுகளவு கண்ணிகள். ஒன்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினால் பக்கத்திலிருப்பது ஒரு வரிசை கீழே ஓடும். நீ இழுத்துப் பிடித்தாய். இன்னும் நாலு ஓடின.

"விலகுடீ."

மாமி எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. உன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நீ இழுக்கற இழுப்புல எல்லாம் ஓடிடும். துணியை நீ கீழேர்ந்து தாங்கிப் பிடி, அது போறும்." பூத்தொடுத்துப் பழகிய விரல்கள் அவருக்கு. நகக்கண்ணால் கண்ணியைத் தூக்கினார், கொக்கியில் உட்காரவைத்தார், நாக்கை மூடினார், அடுத்ததற்குப் போனார். மடியில் இல்லாத நேரங்களில்கூட அதுவரை அவர் உன்னோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொட்டதில்லை. உன் இரண்டு உள்ளங்கைகளும் அந்தக் கம்பளியை ஏந்தியிருந்தன. அதன் விளிம்பில் அவர் விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு தடவை இருமல் வந்தது. வாயை மூட வேண்டுமே என்று அவர் கையை எடுத்தபோது, விட்ட இடத்தை நீ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். இருமி முடித்துத் திரும்பியவர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்து, "அதான், அப்படித்தான் பிடிச்சுக்கணும்" என்றார். வெளிச்சம் மங்குவதற்குள் வரிசை முழுவதும் கொக்கிக்குத் திரும்பிவிட்டது.

கார்த்திகையில் முடித்தாய். ஈரத்துணி போட்டுத் தேய்த்து, மாமியின் கொடியில் நீயே போட்டாய். உன் கையால் அந்தக் கொடியில் விழுந்த முதல் துணி. மறுநாள் காலை உறைமோர் வாங்குகிற சாக்கில் நான் கீழே வந்தேன். புடவைக்குள் கழுத்தோரம் சாம்பல் வெள்ளை தெரிந்தது. மாமி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டோம். அடுத்து வந்த தை மாதம் இருமல் நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்படியாக அது ஏறி வரவில்லை. டாக்டர் வந்து பார்த்து, அந்தக் கம்பளியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார். மாமி முந்திக்கொண்டு, "ஆத்துல பண்ணினது" என்றார். வீட்டில் செய்தது என்று அதை நீ அவருக்கு வங்காளியில் இரண்டு தடவை மொழிபெயர்த்துச் சொன்னாய்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. அன்றைக்கு நான் பால் பாத்திரத்தோடு உன் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். குளித்துவிட்டு ஈரப்புடவையில் நடுங்கிக்கொண்டே வந்த மாமி, கொடியை ஒரு தடவை பார்த்தார், உன்னை ஒரு தடவை பார்த்தார்.

"அதை எடுத்து மாட்டிவிடேன்."

நீ நகரவில்லை. "அத்தை, நீங்க குளிச்சிட்டு மடியில நிக்கிறீக."

"தெரியறது."

"நான் தொட்டா..."

"நீ கம்பளியைத்தானே தொடப்போறே? சுருக்க மாட்டு, குளிர்றது. வலது கையை மெள்ளப் பிடி."

தலையைக் குனிந்து கொடுத்தார். நீ அந்தத் துவாரத்தை இரண்டு கையாலும் விரித்து அவர் தலை வழியாக இறக்கினாய். ஈரமுடியை வெளியே எடுத்துவிட்டாய். வலது பக்கக் கயிற்றைக் கட்டினாய், இடது பக்கத்தைக் கட்டினாய். கட்டிவிட்டு, மூச்சு முட்டுகிறதா என்று பார்க்க, கயிற்றுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாய். அன்றிலிருந்து குளிர்காலக் காலைகளில் அதுவே வழக்கமாயிற்று. என் பால் பாத்திரம் அன்று என் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

உன் கைச் சாப்பாட்டை அவர் கடைசிவரை சாப்பிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அது ஆறவே இல்லை. இத்தனை ஆனபிறகு ஒரு வாய்க் காபி வாங்கிக் குடித்தால் குடியா முழுகிவிடும் என்று உன்னிடம் பொரிந்தேன். நீ அப்போது யாருடைய குழந்தைக்கோ சின்னக் குல்லாய் ஓட்டிக்கொண்டிருந்தாய். அந்த மெஷினில் வேறென்ன ஆர்டர் வரும்? குழந்தைச் சட்டை, குல்லாய், மப்ளர். "அவுகளால முடிஞ்ச மட்டுக்கும் வந்துட்டாக," என்றாய். "அதுக்கு மேல இழுத்தா அறுந்துரும்டி." நான் உன்னளவு நல்லவள் இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆனால் நீ சொன்னபோது உன் முதுகு முன்பு மாதிரி இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மாமி பிறகும் பல குளிர்காலங்களைப் பார்த்தார். போனது ஒரு சித்திரை மாதத்தில், நாய்கூட நிழலைவிட்டு வெளியே வராத வெயிலில். பிற்பாடு லேக் பக்கம் குடிவந்திருந்த அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். குளிப்பாட்டும் நேரம் வந்தபோது தம்பி மனைவி, "மாட்டுப்பொண் இதையெல்லாம் தொட வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்" என்றாள். உன் வீட்டுக்காரர் அழுது ஓய்ந்து நின்றார். நீ சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாய். அந்தச் சுவர் உனக்குப் பழகிய இடம்தானே.

அப்போது நான் வாயைத் திறந்தேன். அதற்கு முந்தின மார்கழியில் மாமி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். உன்னிடம் சொன்னால் நீ அழுவாய் என்று என்னிடம் சொல்லிவைத்தார். "நான் போனா அந்தக் கம்பளியை மேல போடச் சொல்லு. அவளே போடட்டும். மத்தவாளுக்குக் கை பழக்கமில்லை." வெயில் காலமாக இருந்தால் என்ன செய்வது மாமி என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். "வெயிலாவது, குளிராவது. அவ போட்டாத்தான் நேக்குச் சரியா உக்காரும்" என்றார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அதை அப்படியே சொன்னேன். தம்பி மனைவி என்னை நம்பாமல் பார்த்தாள். உன் வீட்டுக்காரர் நிமிர்ந்து, "அவளே போடட்டும்" என்றார்.

அவர்கள் குளிப்பாட்டி முடித்ததும் நீ பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்தாய். வியர்வை உன் முகத்தில் ஆறாக ஓடியது. வழக்கம்போலத் துவாரத்தை விரித்துத் தலை வழியாக இறக்கினாய். வலது கையை மெதுவாகத்தான் எடுத்தாய், வலிக்கும் என்று. முடியை வெளியே எடுத்துவிட்டாய். வலது பக்கம் கட்டினாய், இடது பக்கம் கட்டினாய். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாய். போதவில்லை போலிருக்கிறது. முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் கட்டினாய்.

மூச்சே இல்லாதவருக்கு மூச்சு முட்டக் கூடாது என்று. அங்கே இருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். அங்கே நிற்க முடியாமல் மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன்னைப் பற்றி எனக்கு எத்தனையோ மறந்துபோய்விட்டது. உன் குரல்கூடச் சில நாள் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் பேத்தியின் கவுனுக்குப் பின்னால் நாடா கட்டும்போதும், இவருக்கு முழங்காலில் கட்டுப் போடும்போதும், என் இரண்டு விரல்கள் தாமாகவே உள்ளே போகின்றன. இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிச்சுப் போடுகிறேன்.